ஏழு விநாடி பாக்கி

திருடிய குண்டுகள் மூன்று.
இரண்டை இடைவேளைக்கு முன்பே
கடலில் வைத்துப் பிடித்துவிட்டார்கள்.
மூன்றாவது
ஏதோ பனிநாட்டில், ஏதோ மணிக்கூண்டின் அடியில்
செக்கச்செவேலென எண்களை உதிர்த்துக்கொண்டிருந்தது.
கதாநாயகன் கையில் கட்டிங்பிளேயர்.
சிவப்பா நீலமா என்று தமிழில் தவிக்கிறான்,
உதடு வேறெதையோ சொல்கிறது.
பத்து. ஒன்பது. எட்டு.
ஏழு.

கரண்ட் போனது.

நீடாமங்கலத்தில் ஐப்பசி மழைக்குக் கரண்ட் போவது
எந்த வில்லனின் வேலையும் இல்லை.
ஜெனரேட்டரில் டீசல் இல்லாதது மட்டும்
தியேட்டர் முதலாளியின் மருமகன் வேலை.
இருட்டில் முதலில் ஒரு குழந்தை அழுதது,
அப்புறம் விசில்,
அப்புறம் பின்வரிசையிலிருந்து எவனோ:
"இந்தக் குண்டு இங்க வெடிச்சா எதுவரைக்கும் போகும்?"
"கல்லணை வரைக்கும்."
"சம்பாவுக்கு இன்சூரன்ஸ் வருமா?"
"வி.ஏ.ஓ. உயிரோட இருந்து அடங்கல் குடுத்தா வரும்."
"லாரியில ஏத்தி நம்மூர் வழியா கொண்டாந்திருந்தா
ரயில்வே கேட்டுலயே மாட்டியிருப்பானுக."

அரங்கமே சிரித்தது.
என் சட்டைப்பையில் போன் நடுங்கியது.

இந்த ஊருக்கு நான்தான் லைன்மேன்.
அமிர்தகடேசன். நூறு ரூபாய் டிக்கெட். டூட்டி நேரம்.
முழங்கால்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கேட்டு
வெளியே வந்தேன்.

வெண்ணாற்றங்கரை டிரான்ஸ்பார்மர்.
மழை விட்டிருந்தது, தவளைகள் விடவில்லை.
சப்ஸ்டேஷனில் நாகூர்கனி:
"எல்.சி. குடுத்தாச்சு, ஏறு."
"எழுதிட்டியா?"
"எழுதிட்டேன்யா."
"நேரம் போட்டு எழுதினியா?"
"எட்டு அம்பத்தொண்ணு. போதுமா?"

மூன்று தடவை கேட்பேன்.
போன வருஷம் செபஸ்தியான் ஒருதடவைதான் கேட்டான்.
அரிசி ஆலை ஜெனரேட்டர்
எதிர்த்திசையில் அனுப்பிய மின்சாரம்
அவனைக் கம்பத்திலேயே நிறுத்திவைத்திருந்தது,
பேச்சுக்கு நடுவே
எதையோ மறந்துபோனவன் மாதிரி.
அப்போது எண்கள் எதுவும் ஓடவில்லை.
பின்னணி இசை இல்லை.

எர்த் ராடை மாட்டிவிட்டு ஏறினேன்.
எங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம்.
எதைத் தொட்டாலும் ஒரே முடிவு என்பதால்
வியர்க்க அவசியமில்லை.
வியர்த்தது.
போனது மஞ்சளும் நீலமும்;
இரண்டுக்கும் நடுவே கருகிய ஒரு வௌவால்,
சிறகை இன்னும் மடிக்காமல்.
அதை எடுத்துப் போட்டுவிட்டு
பியூஸ் கம்பியைச் சுற்றும்போதுதான் தோன்றியது:
அங்கே அவன் வெட்டினால் ஊர் பிழைக்கும்,
இங்கே நான் சேர்த்தால்
அந்த ஏழு மறுபடி ஓடும்.
அரைமணியாக ஒரு நகரம் சாகாமல் இருக்கிறது
ஒரு வௌவாலின் தயவில்.

முடுக்கிய பிறகும்
கொஞ்சம் மேலேயே இருந்தேன்.
கேட்டில் நெல் மூட்டைகளோடு ஒரு கூட்ஸ்
சிக்னலைத் திட்டிக்கொண்டு நின்றது.
அதன் இருபுறமும் வண்டி விளக்குகள்,
திருவாரூர் திசையில் ஒரு மைல்,
தஞ்சாவூர் திசையில் ஒரு மைல்.

"முடிஞ்சுதா? ஊரே என் அம்மாவ இழுக்குது!"

இறங்கினேன். ராடை எடுத்தேன்.
எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தேன்.
சுவிட்சை ஏற்றினேன்.

தெருவிளக்கு. பிள்ளையார் கோயில் சீரியல் பல்பு.
கடைசியாகத் தியேட்டர்.
ஆபரேட்டர் படத்தைச் சற்றே பின்தள்ளிப் போட்டிருக்கிறான்,
தகரக் கூரையைத் தாண்டிக் கேட்டது:
முப்பது. இருபத்தொன்பது.
உலகத்துக்கு இருபத்து மூன்று விநாடி இனாம்.

விசில் ஆற்றங்கரை வரைக்கும் வந்தது.
எந்த வயரை வெட்டினானோ.
மறுநாள் டீக்கடையில் சிவப்பு என்றார்கள்.
சைக்கிள் ஸ்டாண்டு தேவநாதன்
நீலம் என்று கற்பூரம் அணைத்தான்.

எனக்கு அதற்குள் அடுத்த போன்.
கோயில்வெண்ணிப் பக்கம் வயலில்
கம்பி அறுந்து தண்ணீரில் கிடக்கிறதாம்,
லைன் இருக்கிறதா செத்ததா தெரியாதாம்,
யாரும் கிட்டே போகாமல் இருக்க
ஒரு பையனைக் குடையோடு வரப்பில் நிறுத்தியிருக்கிறார்களாம்.

"பத்து நிமிஷத்துல வந்துடுவேன், எண்ணிக்கிட்டே இருக்கச் சொல்லு"
என்று டிவிஎஸ்ஸை மிதித்தேன்.
பாதி வழியில்தான் உறைத்தது,
அவன் எதுவரைக்கும் எண்ணத் தெரிந்த பையன் என்று
கேட்கவில்லை.